மின்சாரக்காரனைப் பெண்ணாக்கிய அக்கா

அந்தத் தையல் கூடத்தில் ரேடியோ செத்த நாளிலிருந்து அக்காதான் ரேடியோ. தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூலை வெட்டுவது அவள் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கத்தரியை வைத்துவிட்டு ஏதாவது ஒரு நாவலை உரக்கப் படிப்பாள். துணி வெட்டும் மாஸ்டர், அதாவது அவள் கணவர், ஓரம் அடிக்கும் பெரியம்மா, காஜா எடுக்கிற, அதுதான் பொத்தான் துளை போடுகிற அவளுடைய தம்பி, மூன்று பேரும் கையை நிறுத்தாமல் காதை மட்டும் கொடுப்பார்கள். தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே வாயை மூடிக்கொள்வான். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அக்கா ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தாள். பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

அந்த வார நாவலைக் கொண்டுவந்து கொடுத்தவன் தம்பிதான். "நல்லா சிரிப்பு வரும்க்கா, இதைப் படி" என்றான்.

அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுவாள், அழ வைக்கிற முடிவென்றால் தொடவே மாட்டாள். பார்த்தாள். ஒரு ரொட்டிக்கடைக்காரனும் ஒரு மின்சார வேலைக்காரனும் அடுப்படியில் கட்டிப்பிடித்து அழுது, சிரித்து, முத்தமிட்டு, இனிமேல் ஒரே வீடுதான் என்று முடிவு செய்கிறார்கள். அக்கா திருதிருவென்று விழித்தாள். அண்ணன் தம்பியா? இல்லை. சிநேகிதர்களா? சிநேகிதனுக்கு யார் இப்படி முத்தம் கொடுக்கிறார்கள்? எதிரே மூன்று பேர் காத்திருக்கிறார்கள், அதில் புருஷன் வேறு. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. மின்சாரக்காரனை நின்ற நிலையில் பெண்ணாக்கிவிட்டாள்.

செய்த காரியம் அதோடு விட்டதா? மின்சாரக்காரி ஏணியில் ஏறினாள், சரி. கடைக்காரனோடு வாய்ச்சண்டை போட்டாள், அதுவும் சரி. மறுநாள் கண்ணாடி முன் நின்று மீசையைத் திருத்தும் இடம் வந்தபோது அக்கா மென்று விழுங்கி, "புருவத்தை" என்று படித்தாள்.

"புருவத்துக்கு எதுக்குடி சோப்பு நுரை?" என்றாள் பெரியம்மா.

"அந்த ஊர்ல அப்படித்தான்" என்று சமாளித்தாள்.

ஆனால் பாழாய்ப்போன கதை நன்றாக இருந்தது. அடைத்த கடை வாசலில் மின்சாரக்காரன் மழையில் நின்று, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிப் போனபோது அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதில் எனக்கென்ன அழுகை? வெட்கப்பட வேண்டுமா, பாவப்பட வேண்டுமா, ஒரு மண்ணும் விளங்கவில்லை. வேடிக்கையான இடங்களில் கூடமே சிரித்தது, தம்பி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு வரும் என்று சொன்னவனே உம்மென்று உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்?

வெள்ளிக்கிழமை மாஸ்டர் ஒரு கட்டுச் சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். ஆண் சட்டைக்குத் துளை இடப்பக்கம், பெண் சட்டைக்கு வலப்பக்கம். காஜா வேலையில் அதுதான் அரிச்சுவடி. கட்டு முழுக்க ஆண் சட்டை, துளையெல்லாம் வலப்பக்கம்.

"என்ன மச்சான், ஆம்பளச் சட்டையெல்லாம் பொம்பளச் சட்டையா ஆக்கி வச்சிருக்க?"

தம்பி தலை நிமிரவில்லை. "அக்காவும் ஒரு வாரமா அதைத்தானே பண்ணுது" என்றான்.

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. தம்பியின் கையைப் பிடித்துத் துணிக்கட்டு அடுக்கியிருந்த பின்னறைக்கு இழுத்துப் போனாள்.

"அவனை ஏன்க்கா பொண்ணாக்கின?"

"எல்லார் முன்னாலயும் அதை எப்படிடா படிப்பேன்?"

"படிப்பன்னுதான் குடுத்தேன். என் வாயால சொல்ல வரல. உன் வாயால ஒருதரம் கேட்டுட்டா தைரியம் வரும்னு நினைச்சேன்."

அக்கா ஒரு கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "உனக்கும் யாராவது இருக்காங்களா?"

தலையசைத்தான்.

"நல்லவனா?" எத்தனையோ கேள்வி இருக்க, ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை, இவனைப் பற்றி எனக்கு என்னதான் தெரியும் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் புரியலடா. நிஜமாவே புரியல."

"தெரியும்க்கா."

"ஆனா அந்தப் பொண்ணு வீட்டை வரவழைக்கிறது பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். பெண்ணின் அம்மாதான் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், தம்பியின் மனசு வேறு இடத்தில் இருக்கிறது, எங்களுக்கே இப்போதுதான் தெரியும், மன்னித்துவிடுங்கள் என்று அக்கா ஒரே மூச்சில் கொட்டினாள்.

அந்தப் பக்கத்துக் குரல் கடுத்தது. "யாருங்க அந்தப் பொண்ணு?"

ஏதோ ஒரு பெண் என்று சொன்னால் முடிந்தது. அக்கா தம்பியைப் பார்த்தாள். அவனுக்கும் கேள்வி கேட்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவன், சொல் என்பதுபோல் மெதுவாகத் தலையாட்டினான்.

"பொண்ணு இல்லீங்க" என்றாள் அக்கா.