அரைச் சுற்று தளர்ந்த பைலட் கண்ணாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. கூலிங் கிளாஸ் கடை வைத்திருக்கும் என் அத்தை, “பைலட் கண்ணாடி எப்படி வந்துச்சுன்னு பத்து வரியில எழுதிக் குடுடா, அலமாரியில ஒட்டணும்” என்றார். எழுதினேன்:

‘உயரத்தில் பறந்தவர்களின் கண்ணை வெயில் குத்தியது. பழைய மூடுகண்ணாடியோ கனம். உள்ளே ஆவி படியும். எனவே மெல்லிய கம்பிச் சட்டத்தில் பச்சை வில்லை போட்டார்கள். விமானி குனிந்து கருவிகளின் முள்ளையும் எண்களையும் பார்க்க வேண்டுமே! அதனால் வில்லை கண்ணீர்த்துளி போலக் கன்னம்வரை இறங்கியது. பிறகு தரையில் நடப்பவர்களும்...’

இந்த இடத்தில் கடிகாரக்காரர் கடைக்குள் வந்துவிட்டார். வரலாறு அங்கேயே நிற்கிறது.

2

அடுத்த தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஐம்பதைத் தொட்ட தனியாள், அத்தையும் அப்படியே. [முதல் வரைவில் அவருக்கு மீசை வைத்தேன். “இல்லாததை எழுதாதே” என்று அத்தை மழித்துவிட்டார்.] வாராவாரம் வருவார், அதே பைலட் கண்ணாடியை மாட்டுவார், விலை கேட்பார், போய்விடுவார்.

எங்கள் குடும்பத்தில் வியாபாரம் வாயால் அல்ல, கண்ணால். பொருள் பிடித்தால் வாங்குபவர் கண் ஒரு நொடி விரியும். அதன்பிறகு விலையில் இம்மியும் இறங்க மாட்டோம். அத்தை இதில் பருந்து. ஆனால் இவர் மாட்டியதும் கண்ணே தெரிவதில்லையே! வருவது கண்ணாடிக்கா, கண்ணாடிக்காரிக்கா?

விற்றுவிட்டால் மறுபடி வருவாரா? அந்தப் பயத்தில் அத்தை வாராவாரம் விலையை ஏற்றினார்.*

* எங்களுக்கு வியாபாரம் சொல்லித்தந்த தாத்தா உயிரோடு இருந்திருந்தால், விற்காமலிருக்க விலை ஏற்றுவதைக் கேட்டதுமே மயங்கிக் கல்லாமேல் சாய்ந்திருப்பார்.

3

நேற்று:

“போன வாரம் கம்மியா சொன்னீங்களே?”

“போன வாரம் வெயில் கம்மி.”

“அப்ப மழை வந்தா ஓசியா?”

“மழையில உங்களுக்கு எதுக்குங்க கூலிங் கிளாஸ்?”

“சரி, நீங்க சொன்ன விலையே. குடுங்க.”

பேரமே இல்லாமல்! அத்தையின் முகம் உதிர்ந்த... [உவமை வேண்டாம். வாடியது, அவ்வளவுதான்.] கண்ணாடியைத் துடைப்பதுபோலத் திரும்பி, காதுக் கம்பியின் திருகாணியை அரைச் சுற்று தளர்த்தினார்.

“என்ன அத்தை இது?” என்று கிசுகிசுத்தேன்.

“நீ வரலாறு எழுது.”

பெட்டியை நீட்டி அவரிடம், “ஏதாவது ஆடுச்சுன்னா கொண்டு வாங்க” என்றார்.

4

முடிவு ஒன்று: இருவரும்... [பாயசம். கிழித்தாயிற்று.]

முடிவு இரண்டு: அவர் வரவே... [அத்தை எனக்குச் சோறு போட மாட்டார்.]

நீங்களே யோசியுங்கள். பூதக்கண்ணாடி வைத்துக் கடுகளவு திருகாணியை முடுக்கிப் பிழைப்பவர். மேசையில் திருப்புளி மட்டும் முப்பது. அரைச் சுற்றை அவரே முடுக்கிக்கொண்டால் கதை முடிந்தது. ஆடுகிற கண்ணாடியை ஏந்திக்கொண்டு இங்கே வந்தால்?

காலையிலிருந்து அத்தையும் ஒரு பைலட் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருக்கிறார், தன் கண்ணை யாரும் படித்துவிடக் கூடாதென்று.

வாசலில் செருப்புச் சத்தம். நான் தலை தூக்க மாட்டேன். நீங்கள் எட்டிப் பாருங்கள்.