நாகலெட்சுமியின் ரோசாவுக்குக் கவ்வாத்து

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. வட்டவளையில் உரமும் விதையும் பூச்செடியும் விற்கிற பைஸர் நானாவின் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவர் சொன்னது. சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் கொழும்பில் ஒரு பதிப்பாளர் 'மலையகக் காதல் கதைகள்' என்று தொகுப்புப் போடுகிறாராம், என்னிடமும் ஒன்று கேட்டிருந்தார். "கொஞ்சம் மென்மையா இருக்கட்டும் தம்பி. பனி, ரோஜா, அந்த மாதிரி" என்றார். மென்மையாம்! வட்டவளையில் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரத்துணியோடு இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

சரி, கேட்டுவிட்டார். தொடங்கிப் பார்ப்போம்.

பனி போர்த்திய மலைச்சரிவில், காதலின் சின்னமாய் ஒரு ரோஜா——

சீ! கை கூசுகிறது.

சின்னராசா தன் மனைவியை உயிருக்கு உயிராக நேசித்தான். அவள் பிரிவில் அவன்——

இதுவும் பொய். உயிருக்கு உயிராக நேசித்தவனா அவள் வளர்த்த ஆட்டை விற்றுக் குடித்தான்?

உள்ளதை உள்ளபடியே சொல்லித் தொலைக்கிறேன்.

2

சின்னராசா றொசல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்காரன்.* கத்தியைக் கையில் கொடுத்தால் அவனுக்கு நிகர் அந்தத் தோட்டத்தில் இல்லை. அதை அவனே தினமும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்.

(* தேயிலைச் செடி முற்றிப்போனால் கத்தியால் தாழ வெட்டி மறுபடி துளிர்க்க வைப்பார்கள். அதுதான் கவ்வாத்து. இந்தக் குறிப்பு பதிப்பாளருக்கு. நம்மவர்களுக்குத் தெரியும். தெரியாத நம்மவர்கள் தெரிந்தமாதிரி தலையாட்டுவார்கள்.)

அவன் மனைவி நாகலெட்சுமி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். அவளுடையது என்று எதுவும் அந்த வீட்டில் தங்கியதில்லை. ஆடு வளர்த்தாள், விற்றுவிட்டு நோவில் செத்தது என்றான். கோழி வளர்த்தாள், கூட்டாளிகளோடு சேர்ந்து தின்றுவிட்டு நாய் பிடித்தது என்றான். தையல் மெஷின் வாங்கினாள், ஒருநாள் அது அவன் அக்காள் வீட்டுக்கு இரவல் போனது. போனது போனதுதான்.

ஒருநாள் அவள் பேசுவதை நிறுத்திவிட்டு, குவைத்துக்கு இரண்டு வருஷ வீட்டு வேலைக்கு எழுதிப்போட்டாள். அதற்கான மெடிக்கல் பரிசோதனைக்குப் போய்த் திரும்புகிற வழியில் பைஸர் நானாவிடம் ஒரு ரோசாக் கன்று வாங்கினாள். அதன் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. ஓட்டு வீடு, வெள்ளை வேலி, தொப்பி வைத்த வெள்ளைக்காரி. கீழே 'ரொமான்டிக் ஃப்ளோரிபண்டா, கொட்டேஜ் தோட்டங்களுக்கு உகந்தது' என்று போட்டிருந்ததாம். கொட்டேஜாவது மண்ணாங்கட்டியாவது! கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் சரிந்து விழுந்த பிறகு கட்டிக்கொடுத்த சின்னத் தனி வீடு, வாசலில் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு மண். அந்த மண்ணில் அதை நட்டாள்.

போகிற அன்று காலை சொன்னாள்:

"இந்தாங்க, நல்லாக் கேட்டுக்குங்க. நான் திரும்பி வர்றப்ப இது கொத்துக் கொத்தாப் பூத்து நிக்கணும். நின்னா இந்த வீட்ல இருக்கேன். இல்லாட்டி ராகலையில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு, அப்புடியே மறுபடி பிளேன் ஏறிருவேன். பொறகு நீங்க யாரோ நான் யாரோ."

"ஒரு செடிக்காடி இந்தப் பேச்சு?"

"ஒரே ஒரு செடிதாங்க கேக்குறேன்."

3

இனி நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. சின்னராசா அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டான்.

மூங்கில் வெட்டி வேலி கட்டினான். சாணமும் தேயிலைச் சண்டும் எருவாகப் போட்டான். அடுத்த வீட்டுக் கோழி கிட்டப் போனால் கல்லெடுத்தான். முதல் வருஷம் அது ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தபோது, போனில் வீடியோ போட்டுக் காட்டினான். நாகலெட்சுமி போனைக் கிட்ட வைத்துப் பார்த்தாள். பிறகு, "நீங்களா தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அவன் அந்த வாரம் முழுக்க மலையில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தான். கங்காணிகூட என்னடா உனக்கு வந்தது என்று கேட்டுவிட்டார்.

(இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. கதை எழுதுகிறவனுக்கு நல்லவன் தேவைப்பட்டால் குடிகாரனையும் குளிப்பாட்டிக் கூட்டிவருவான். அதனால் மறுபடி பைஸர் நானாவிடம் போனேன். "அவன் அந்த ரெண்டு வருஷமும் குடிக்கலையா நானா?" "என்ன பேச்சு பேசுறீங்க, நல்லாக் குடிச்சான். செடிக்கிட்டப் போற நேரம் மட்டும் குடிக்கல்ல." சரி, இவ்வளவு போதும். இதற்கு மேல் நல்லவனை மலையகத்திலும் தேடாதீர்கள், கொழும்பிலும் தேடாதீர்கள்.)

இரண்டாம் வருஷம் செடி தளர்ந்தது. குச்சி குச்சியாக நீண்டது, இலையில் கறுப்புப் புள்ளி விழுந்தது, உதிர்ந்தது. நாகலெட்சுமி வர ஏழெட்டு மாதந்தான் இருந்தது. சின்னராசா செடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்பானா? கவ்வாத்துக்காரன் ஒரு செடியைப் பற்றி இன்னொருவனிடம் போய்க் கேட்பானா? மானம் போய்விடாதா!

கத்தியைத் தீட்டினான். குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, செடியின் முன்னால் மண்டியிட்டான். தனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரியத்தை, கூலி இல்லாமல், தன் வாழ்நாளிலேயே ஆகச் சுத்தமாகச் செய்தான். நோஞ்சான் கிளைகளையெல்லாம் தேயிலைக்கு வெட்டுவதைவிடத் தாழ, ஒரே சாய்வில், பிசிறில்லாமல் வெட்டினான். தேயிலைக்குச் செய்கிற வழக்கப்படி, செடி மூச்சு விடட்டும் என்று ஒரு கிளையை மட்டும் விட்டான். எது பலமான கிளை என்று பார்த்து, மண்ணை ஒட்டி அடியிலிருந்து பச்சைப் பசேல் என்று கிளம்பியிருந்ததைத் தெரிந்தெடுத்தான்.

செடி என்னமாய் வளர்ந்தது தெரியுமா! அவன் உயரத்தைத் தாண்டியது. பார்க்கிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். "தொரை பங்களாவுல உண்டா இப்புடி?" என்றான்.

பிறகு பூத்தது. வெள்ளையாக, ஐந்து இதழோடு, விரல் நகம் அளவில்.

எருவில் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வட்டவளைக்கு ஓடினான். பைஸர் நானா கையில் வாங்கிப் பார்த்தவுடனே கேட்டார்:

"எங்க வெட்டினீங்க?"

காட்டினான்.

"அட மனிசா! இது ஒட்டுச் செடி. அடியில ஈக்கிறது காட்டு ரோசா, அதுக்கு மேலதான் ஒங்கட பொண்டாட்டிட ரோசாவ ஒட்டி வெச்சிருந்த. நீங்க அவவுடையதை மொத்தமா வெட்டி எறிஞ்சிட்டு, காட்டை வளத்து வெச்சீக்கிறீங்க!"

இந்த இடத்தில்தான் நானாவும் நானும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

4

இப்போது முடிவுகள்.

பதிப்பாளருக்குப் பிடித்த முடிவு: நாகலெட்சுமி வருகிறாள், வெள்ளைப் பூவைப் பார்க்கிறாள், அன்பின் நிறம் வெண்மையல்லவா என்று கண்ணீர் மல்க அவன் தோளில்——

வாந்தி வருகிறது. அடுத்தவள் வீட்டுக் கக்கூஸ் கழுவிவிட்டு வருகிறவளுக்கு அன்பின் நிறம் வேறு வேண்டுமாம்.

இரண்டாவது முடிவு பைஸர் நானா கொடுத்தது. சின்னராசா கொப்போடு வந்த அன்றைக்கே கொடுத்தார். "எங்கிட்ட அதே சாதியில பூத்த செடி ஒண்டு ஈக்கி. தோண்டி மாத்தி வைங்க. அவவுக்கு எங்க தெரியப் போகுது?" சின்னராசா அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பூ நசுங்காமல் நின்றபடியே வீட்டுக்குப் போனான். அருமையான முடிவு. ஏமாற்றுகிற கணவன், ஏமாறுகிற மனைவி, வாசகருக்கு மட்டும் தெரிந்த இரகசியம். பரிசுகூடக் கிடைக்கும்.

அந்த மடையன் மறுநாள் செடியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான்.

"என்ன, நடல்லியா?"

"வேணாம் நானா. பக்கத்துல குழி வெட்டுனேன், வைக்க மனசு வரல்ல. நல்லதோ கெட்டதோ, நான் செஞ்சது அதுதானே."

நானா இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்காக அவன்மேல் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

5

நாகலெட்சுமி வட்டவளை ஸ்டேஷனில் இறங்கி த்ரீவீல் ஆட்டோவில் ஏறியதைப் பைஸர் நானா பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவது என் கற்பனை, விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

த்ரீவீல் வாசலில் நின்றது. அவள் இறங்கினாள். வேலியைப் பார்த்தாள், அதை மூடி வளர்ந்து நின்ற முள்ளுப் புதரைப் பார்த்தாள். சின்னராசா சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு படியில் நின்றான்.

"இது என்னாங்க?"

"ஒன்னோட ரோசா... இல்ல. ஒன்னோடது செத்துப்போச்சு. இது அடியில கெடந்த காட்டுச் செடி."

"யாரு வெட்டுனா?"

"நான்தான். கவ்வாத்துப் பண்ணுனா நல்லா வரும்னு பண்ணுனேன். ஒட்டுக்குக் கீழ போயிருச்சு."

அவள் அவன் வாயைப் பார்த்தாள். நாய் வரும், நோவு வரும், அடுத்த வீட்டுக்காரி வருவாள் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"ஆட்டுக்கு நோவுன்னீங்க. இதுக்கும் ஒண்ணு சொல்ல வேண்டியதுதானே?"

"வேற செடி நட்டு ஏமாத்தலாம்னு பார்த்தேன் லெச்சுமி. முடியல்ல."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரே ஒரு செடி கேட்டாள், அதையும் கொன்று வைத்திருக்கிறான். அந்த ஆத்திரத்துக்கு நடுவே, இந்த மனுஷன் தனக்காக மண்டியிட்டு உட்கார்ந்து வெட்டியிருக்கிறான் என்பதும் உறைத்தது. உறைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

த்ரீவீல்காரன் எஞ்சினை நிறுத்தாமல் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, நான் போகட்டுமா, நிக்கட்டுமா?"

போகச் சொன்னால் அவள் இந்த வீட்டில் இருப்பாள். நிற்கச் சொன்னால் ராகலைக்கும், அங்கிருந்து குவைத்துக்கும் போவாள். ஒரு சொல்தான் பாக்கி. நான் ஆறு தரம் எழுதி ஆறு தரமும் அடித்துவிட்டேன். நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கென்ன, இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவீர்கள். நீங்கள் சொன்ன வீட்டில் நாளைக்குக் காலையில் எழுந்து அடுப்பு மூட்டப்போகிறவள் அவள்.