பாட்டுக்குத் தலைவன்

அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள் மகள். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கவே அலுப்பாக இருந்தது. சித்தப்பாதான், கக்கத்தில் பைபிளோடு.

"வாங்க தம்பி," என்றாள் அம்மா. "விடியக்காலமே போயிட்டாரு."

சித்தப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஒரு வாரமாக மகள் அவரிடம் போனில் கெஞ்சியிருக்கிறாள். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார், வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "பாத்துட்டு வரேம்மா. தப்பா எதுவும் சொல்லிடக் கூடாது பாரு." எதைப் பார்ப்பதாம்? சாத்தானைப் பற்றி வேதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதாம். சாகக் கிடக்கிற அண்ணனைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தாக வேண்டுமாம்.

சண்டையே அதில்தான் தொடங்கியது. பகலெல்லாம் மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் அப்பா, ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசிப்பார். ஒரு நாள் வேதப்பாட வகுப்பில் சித்தப்பா எழுந்து, "விழுறதுக்கு முன்னாடி சாத்தான் பரலோகத்துல பாட்டுக்குத் தலைவனா இருந்தான். பெருமை வந்துச்சு, விழுந்தான். பாட்டுக்காரங்க ஜாக்கிரதை!" என்றார். எல்லோரும் கீபோர்டு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அப்பா கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. தம்பியோடு பேசவும் இல்லை. வேதத்தில் உள்ளதைத்தானே சொன்னேன் என்று சித்தப்பாவும் இறங்கி வரவில்லை. தாத்தாவின் வீட்டைக்கூடப் பாதியாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி, பிரிக்காமல் வைத்திருந்த ஒரே சொத்து ரோஷம். சும்மா கிடந்த கீபோர்டின் மேல் அம்மா தேய்த்த துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணி," என்றார் சித்தப்பா.

"சொல்லுங்க. இனிமே எதுத்துப் பேச மாட்டாரு."

அவர் அப்பாவின் காதோரம் குனிந்தார். பைபிளைத் திறக்கவில்லை. "அண்ணே, முழுசாப் பாத்துட்டேன். எசேக்கியேல் புஸ்தகத்துல, காவலுக்கு வெச்ச கேருப், தேவதூதன்னு இருக்கு. நெருப்புக் கல்லுங்க நடுவுல நடந்தான்னு இருக்கு. மேளம், நாகசுரம்னு ஒரு வரி வருது. அதுவும் தீருங்கற ஊரு ராஜாவப் பாத்துச் சொன்னது. பாட்டுக்குத் தலைவன்னு எங்கயுமே இல்லண்ணே. யாரோ சொன்னதக் கேட்டுட்டு, வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோன்னு பேசிட்டேன்."

மகளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "இத போன்லயே சொல்லியிருக்கலாமே சித்தப்பா! அவர் காதுல வெச்சிருப்பேனே! நேத்துகூட 'தம்பி வந்துட்டானா'ன்னு கேட்டாரு. அவருக்கு வேதமா வேணும்? நீங்க வந்தாப் போதும்னு கெடந்தாரு."

"நேத்தே கெளம்பியிருப்பேம்மா. ஏசாயா புஸ்தகம் மட்டும் பாக்கி இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. தெம்பில்லை. ரேசரை அவரிடம் நீட்டினாள். "வலது கன்னம் பாக்கி இருக்கு. சோப்பு காஞ்சிடும், சீக்கிரம்."

சித்தப்பா சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக மழித்தார்.

உடுத்திவிட வெள்ளைச் சட்டை வேண்டும். அது துணி அடுக்கின் அடியில் இருந்தது. அம்மா மொத்த அடுக்கையும் இரண்டு கையாலும் தூக்கிக்கொள்ள, மகள் சட்டையை உருவினாள். கீழே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் தெரிந்தன. துணி மூடியிருந்ததால் தூசியே இல்லை.

அம்மா துணிகளை மறுபடி அங்கே வைக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"கீழ வையேம்மா, கை வலிக்கப் போகுது."

"இருக்கட்டும்," என்றாள் அம்மா.