கால்வாய் மரத்து மஞ்சள் துணி

மேனாம்பேட்டில் மழைநீர்க் கால்வாயின் குறுக்கே விழுந்த வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி கட்டியவன் தினகரன்தான். பக்தியில் இல்லை. புயலில் சாய்ந்த மரங்களை அகற்றும் ஒப்பந்தத்தை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். யார் முதலில் ரம்பம் வைக்கிறாரோ மரம் அவர் கணக்கில். பக்கத்துத் தெருவை முடித்துவிட்டு வருவதற்குள் போட்டி ஆட்கள் கை வைத்துவிடக் கூடாதென்று, தன் முதலாளி லோகநாயகிக்கும் சொல்லாமல் அவன் செய்த கெட்டிக்காரத்தனம் அது. அம்மன் மரத்தை எவன் அறுப்பான்?

எவனும் அறுக்கவில்லை. மறுநாள் வந்து நின்ற லோகநாயகியின் சொந்த ஆட்களும் மாட்டேன் என்றுவிட்டார்கள். அதற்குள் தெருப் பெண்கள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். மரத்துக்குப் பின்னால் தென்னை மட்டையும் பாலிதீனும் யார் வீட்டு மெத்தையோ ஒன்றும் வந்து அடைத்துக்கொள்ள, கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. தாழ்ந்து கிடந்த முதல் வீடு பொன்னம்மாளுடையது. உள்ளே அவள் மருமகள் ஜெயப்பிரியா, பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு படுத்திருந்தாள்.

லோகநாயகி அதட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஆட்கள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒப்பந்தமே ரத்தாகிவிடும் என்று மாநகராட்சிப் பொறியாளர் போனில் கத்தினார். அது அவள் காதில் ஏறவில்லை. தண்ணீர் பொன்னம்மாள் வீட்டு வாசற்படியைத் தொட்டுவிட்டது, உள்ளே குழந்தை வீறிட்டது.

அப்போதுதான் லோகநாயகி தினகரனின் முகத்தைப் பார்த்தாள். பேயறைந்தவன் போல நின்றவனை உலுக்கியதும் விஷயம் வெளியே வந்தது. ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து பெண்கள் முன்னால் நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்ல வைத்தாள். இதோடு தொல்லை விட்டது, வெட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

பெண்களில் ஒருத்தியும் நகரவில்லை.

“யாரு கட்னா இன்னா?” என்றாள் பொன்னம்மாள். “நாங்க கும்புட்டாச்சு. அவ வந்து குந்திகினா.”

சொல்லிவிட்டுத் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் படியைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எங்கூட்டுக்கு வந்துரு தாயி. பச்சப்புள்ள கீது.”

துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஆட்களில் ஒருவர் ரம்பத்தை எடுக்கக் குனிந்தார். அவள் தடுத்தாள்.

“நீ வாணாம். கட்னவனே அறுக்கட்டும்.”

அவள் தோளில் கிடந்தது லாரி துடைக்க வைத்திருந்த துணி. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட தினகரன், அதை மட்டும் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை. ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான். வெறுங்காலோடு அந்தச் சாக்கடைத் தண்ணீரில் இறங்கி, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ரம்பத்தை முடுக்கினான். மரம் இரண்டாகி, அடைப்பு உடைந்து, தண்ணீர் வாசற்படியை விட்டு இறங்கிய பிறகும் அவன் பூட்ஸை மாட்டிக்கொள்ளவில்லை.