ஒற்றைக் கால் சாம்பிள்

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு ஆம்பூர் மாடி அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரம் தையல் மெஷினுக்குப் பின்னால் ஜெயசீலன். கதவுப் பக்கம், அட்டைப் பெட்டிகளின் மேல் சம்மணம் போட்டு இஃப்ரா. இருவருக்கும் நடுவில், இருந்த ஒரே நாற்காலியில் மேகலா. மேசைமேல் தோல் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனையும் சேர்த்தால் நான்கு பேர் என்று சொல்லலாம். கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கும் ஹேமலதா அனுப்பிய குரல் செய்தி அதில் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, ஒத்தைச் செருப்பப் போயி பார்சல்ல அனுப்பியிருக்கீங்க? எங்கூர்ல எல்லாத்துக்கும் ரெண்டு காலுங்க. கடையில நாலு பேரு முன்னாடி பிரிச்சுப் போட்டேன். செருப்பக் காட்டோணும்னா நேர்ல வந்தே காட்டிருக்கலாமில்லீங்க?”

மேகலா அங்கேயே நிறுத்திவிட்டாள். காது மடல் சூடாகிப் போயிருந்தது.

பதினொரு வருஷம் ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் டிசைன் போட்டவள் அவள். ஆறு மாதத்துக்கு முன்பு வேலையை விட்டாள். கூட வேலை பார்த்த ஜெயசீலனையும் எதிர்வீட்டு இஃப்ராவையும் சேர்த்துக்கொண்டு, ‘எட்டு வை’ என்று பெயர் வைத்துப் பெண்களுக்கான செருப்புகளைச் சொந்தமாக டிசைன் செய்யத் தொடங்கினாள். வரைவது அவள், தைப்பது ஜெயசீலன், படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் ஏற்றுவது இஃப்ரா. படங்களுக்குக் கீழே ஹார்ட் கொட்டியதே தவிர ஆர்டர் ஒன்றும் விழவில்லை. அதனால்தான் பன்னிரண்டு ஊர்க் கடைகளுக்குச் சாம்பிள் அனுப்பினார்கள். பதினொன்றிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. ஹேமலதா மட்டும், தீபாவளிக்கு ஒரு ஷெல்ஃப் காலியாக இருக்கிறது, யாருக்கு என்று சனிக்கிழமை முடிவு செய்வேன் என்று முன்னமே சொல்லியிருந்தார். அந்த ஷெல்ஃபும் கைவிட்டுப் போனால் திங்கட்கிழமை மேகலா பழைய சீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். மேனேஜர் அதுவரைக்கும் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் சாம்பிள் என்றால் ஒரு கால்தான். வாங்குகிறவன் வெள்ளைக்காரனாக இருந்தாலும் வலது கால் மட்டும் போகும். அவனும் புரட்டிப் பார்த்துவிட்டு ஆயிரம் ஜோடிக்குச் சரி சொல்வான். அந்தப் பழக்கத்தில் மேகலா வலது காலுக்கு மட்டும் அளவுப் பேப்பர் வெட்டினாள், ஜெயசீலன் வலதாகவே பன்னிரண்டு தைத்தார். பன்னிரண்டையும் விதவிதமாகப் படம் எடுத்த இஃப்ராவுக்கும், இன்னொரு கால் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. அவளும் ஆம்பூர்க்காரிதானே.

கூரியரில் ஒன்று தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிடலாமே என்றார் ஜெயசீலன்.

“பன்னெண்டு பார்சல்லயும் லெஃப்ட் காலா பாத்துத் தொலைஞ்சுதாண்ணா?” என்றாள் இஃப்ரா.

ஜெயசீலன் ஊசியில் நூல் கோப்பதில் ஆழ்ந்துவிட்டார். மேகலா, திங்கட்கிழமைக்குப் பழைய ஐடி கார்டைத் தேட வேண்டும் என்று முணுமுணுத்தாள். இஃப்ரா அதைக் காதிலேயே வாங்கவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி வந்து போனை எடுத்துப் பார்த்தாள்.

“அக்கா, இன்னும் நாப்பது செகண்டு மீதி இருக்குது. திட்டுறதுன்னாலும் முழுசா கேட்ருவோம்.”

ஹேமலதா மறுபடி பேசினார். “கால உள்ள விட்டுப் பாத்தேன், பஞ்சாட்டம் இருக்குது. எனக்குன்னே அளவெடுத்தாப்ல இருக்குதுங்க. அதுதான் வயித்தெரிச்சலே. ஒத்தக் கால வெச்சுட்டு நான் நொண்டியா அடிக்கறது?”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“போட்டுப் பாத்திருக்காங்க,” என்றாள் மேகலா.

“போட்டுட்டு நடந்தும் பாத்திருக்காங்கமா. இல்லன்னா நொண்டுற பேச்சு ஏன் வருது?” என்றார் ஜெயசீலன்.

உடனே இடது கால் தைத்துவிடலாம் என்று எழுந்தால் அடுத்த சிக்கல். ஹேமலதாவுக்குப் போன வலது கால் கடுகு மஞ்சள். அந்தத் தோல் ராணிப்பேட்டைத் தோல் ஆலையில் கழித்துப் போட்ட கடைசித் துண்டுகளில் வாங்கியது. அது தீர்ந்துவிட்டது. அலமாரியில் இருந்தது புளிக் கலர் மட்டும். வலது மஞ்சள், இடது புளி என்று அனுப்பினால் அந்தம்மா இந்தத் தடவை நேரிலேயே வந்துவிடுவார் என்று ஜெயசீலன் பயந்தார்.

மேகலா இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாம்பிள் ரூமில் கலருக்கு ஒரு கால் தைத்து வரிசையாக வைப்பதுதானே வழக்கம்? ஹேமலதா நடந்தும் பார்த்துக்கொள்ளட்டும், நிறமும் தேர்ந்தெடுக்கட்டும்.

“புளியையே வெட்டுங்கண்ணா. நாலு மணிக்குள்ள வேணும்,” என்றாள்.

அவர் தைக்கத் தைக்க அவள் எழுதினாள். மெசேஜ் போதாதா என்று இஃப்ரா கேட்டதற்கு, அவமானம் பார்சலில் போயிருக்கிறது, மன்னிப்பும் பார்சலில் போவதுதான் மரியாதை என்றாள். இரண்டு தாள் கிழித்தெறிந்து மூன்றாவதில் அமைந்தது:

‘எங்கள் ஊரில் சாம்பிள் என்றால் ஒற்றைக் கால். கடைக்கு ஜோடியாக அனுப்ப வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மன்னிக்கவும். இடது காலை இத்துடன் வைத்திருக்கிறேன். நிறம் வேறு, மஞ்சள் தோல் தீர்ந்துவிட்டது, அச்சு அசலாக அதே நிறம் கிடைக்கும் என்று வாக்குத் தர முடியாது. இரண்டையும் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து பாருங்கள். வருகிறவர்கள் எந்தக் காலைப் பார்த்து விசாரிக்கிறார்களோ, அந்தக் காலின் நிறத்துக்கு நெருக்கமாகத் தீபாவளிக்கு இருபது ஜோடி தருகிறோம்.’

மற்ற பதினொரு கடைகளுக்கும் இதையே சுருக்கி, கால் அளவைக் கேட்டு எழுதும் பொறுப்பை இஃப்ரா எடுத்துக்கொண்டாள். “ஒரு கால் எங்ககிட்ட, ஒரு கால் உங்ககிட்டன்னு வீடியோ போட்டா அள்ளும்கா,” என்றாள். மானம் போய்விடும் என்று ஜெயசீலன் தலையில் கை வைத்தார். ஆனால் வீடியோவில் தன் கை தெரியுமா என்றும் கேட்டுக்கொண்டார்.

நாலே காலுக்குக் கூரியர் கடையில் நின்றபோது மேனேஜர் போன் செய்தார். திங்கட்கிழமை வருவது உறுதிதானா என்று கேட்டார். மேகலா பெட்டிக்குள் புளிக் கலர் காலைச் சரித்து வைத்தபடி, சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் சார், இங்கே இடது கால்கள் பதினொன்று பாக்கி இருக்கின்றன என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார்.

கடிதத்தை நான்காக மடித்து உறையில் போட்டாள். பசையை நாவால் நனைத்து ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினாள். உறையைச் செருப்பின் மேல் வைத்துப் பெட்டியை மூடி டேப் சுற்றி, எடைத் தட்டில் வைத்தாள்.

உள்ளே என்ன என்று கடைக்காரர் கேட்டார்.

“ஒரு செருப்பு, ஒரு லெட்டர்,” என்றாள் மேகலா.

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ரசீதில் அப்படியே எழுதி, பெட்டியைக் கோயம்புத்தூர் மூட்டையில் போட்டார்.