இந்த வருடம் கரையிலிருந்துதான்

எங்கள் ஆட்களுக்கு மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வராது. அமெரிக்காவின் இந்த வட மினசோட்டாவில் கால் ஒடிந்து கிடப்பவனைக் கேட்டாலும் "பரவால்ல, ஒண்ணுமில்ல" என்பான். என் புருஷன் ஆரின் இதில் எல்லோருக்கும் ஒரு படி மேலே. போன அக்டோபரில் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறவர், "சுவரு விழுந்துடக் கூடாதுன்னு பிடிச்சேன்" என்கிறார்.

மே மாதம் மீன்பிடித் தடை விலகும் சனிக்கிழமை எங்கள் குடும்பம் ஏரிக்கரையில் கூடாரம் போடும். அவர் தம்பி டுவேனின் படகில் போய் வால்ஐ மீன் பிடிப்போம். இந்த வருடம் ஆடுகிற படகில் அவரால் ஏற முடியாது. அதை யாரும் சொல்வதற்குள் அவரே முந்திக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்ல நாயப் பாத்துக்கறேன்" என்றுவிட்டார். நாயைப் பார்ப்பாராம்! அந்த நாய்தான் இவரைப் பார்த்துக்கொள்கிறது. அவர் இல்லாமல் எனக்கு ஏரியும் வேண்டாம், மீனும் வேண்டாம்.

ஆகவே நானும் டுவேனும் எங்கள் மகள் பிரிட்டாவும் ரகசியமாகப் பேசி வைத்தோம். படகை விட்டுவிட்டுக் கரையிலிருந்தே தூண்டில் போடுவது. ஆறு ஏரியில் சேரும் இடத்தில், பொழுது சாய்கிற நேரம் வால்ஐ இரை தேடிக் கரையோரமாகவே வந்துவிடும். ஆனால் எல்லாம் அவர் காலுக்காகத்தான் என்று தெரிந்தால் மனிதர் வீம்புக்கு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். வேறு ஏதாவது காரணம் சொல்லிச் சமாளிப்பதாக டுவேன் பொறுப்பேற்றான்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு மதியம் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து காபி குடித்தோம். கூடாரம் எந்தப் பக்கம், விறகு எங்கே வாங்குவது, தூண்டிலுக்கு உயிர்ச் சிறுமீன் எவ்வளவு என்று பிரிட்டா பேசிக்கொண்டே போனாள். டுவேன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, இந்தத் தடவ படகு இல்ல. மோட்டார் போச்சு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலமெல்லாம் மோட்டார் ரிப்பேர் கடை நடத்தியவரிடம் சொல்கிற பொய்யா இது?

ஆரின் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை இப்படி மலர்ச்சியாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"என்ன பண்ணுது? கயித்த இழுத்தா புகை வருதா?"

"அது... சும்மா கெடக்கு."

"வா, பாக்கலாம்."

"வேணாம்ணே, காபி ஆறிடும்."

அந்த மடையன் குளிர்காலக் கொட்டகையிலிருந்து எடுத்த படகை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்திருந்தான். ஆரின் கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரே இழுப்பு. மோட்டார் தெருவே கேட்கும்படி உறுமியது. உடனே நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன், மோட்டார் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

உள்ளே வந்தவர் நிதானமாகக் கை கழுவினார்.

"டுவேன் சொல்றது சரிதான். இந்த வருஷம் அது தேறாது."

"பாத்தியா அண்ணி, நான் சொல்லல?" என்றான் டுவேன், கூச்சமே இல்லாமல். பிரிட்டா சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கரையில கல்லெல்லாம் வழுக்கும்" என்றார் ஆரின்.

"நாற்காலி எடுத்துட்டுப் போலாங்க" என்றேன்.

"நாற்காலியில உக்காந்தா? அதுக்கு மீன் கடையிலயே வாங்கித் தின்னுடலாம்." சுள்ளென்று விழுந்தவர், காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நின்னுதான் பிடிப்பேன். ஆனா தனியா நிக்க பயமா இருக்கு, டார்லா. பின்னாடி யாராவது பெல்ட்டப் பிடிச்சுக்கணும்."

சாப்பிடும்போது உப்பை எடுத்துக் கொடு என்றுகூட என்னைக் கேட்காத மனிதர் அவர்.

"நான் பிடிச்சுக்கறேண்ணே" என்றான் டுவேன்.

"உன் தூண்டில்ல மீன் மாட்டுச்சுன்னா என்னைத் தண்ணியில விட்ருவ."

"தள்ளு தம்பி, நான் பிடிச்சுக்கறேன்" என்றேன். "எனக்குத் தூண்டிலே வேணாம்."

"அப்ப உன் பங்கு மீனையும் நான்தான் பிடிக்கணுமா?"

"மீன் கெடைக்கலன்னா போகட்டும். நீங்க வந்தாப் போதும். நீங்க இல்லாம எனக்குக் கூடாரத்துல தூக்கம் வராது."

மகள் முன்னால், கொழுந்தன் முன்னால், இதைச் சொல்லியே விட்டேன். ஆரினுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"சரி சரி" என்றார். "நாயையும் கூட்டிட்டுப் போலாம்."