மூன்றாவது முறை கூப்பிடும்வரை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரிமங்கலத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது செல்போனில் ஓடிய ஒரு வீடியோவில் கிடைத்தது. பிராக் நகரத்துப் பழைய சதுக்கம். கோபுரக் கடிகாரத்தைப் பார்க்கப் பெருங்கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. கூட்டத்துக்குள் யாரோ அச்சு அசலாக நம் பக்கத்துப் பேச்சில் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். முன்னால் நிற்கும் சுடிதார்க்காரியின் தோள் விறைக்கிறது. ஆனால் அவள் திரும்பவில்லை.

அதை வைத்தேதான் நம்மூர்க்காரி என்று கண்டுபிடித்தேன். பெயரை மூன்று முறை கூப்பிட்டால்தான் இங்கே திரும்புவோம். செத்தவர்களுக்கு இரண்டு முறைக்கு மேல் கூப்பிட வராது. அவசரப்பட்டுத் திரும்பினால் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

2

பல நூற்றாண்டு வரலாறு கொண்ட அந்தச் சதுக்கத்தின் கற்கள்

[அடித்துவிட்டேன். தொப்பூர் கணவாயைத் தாண்டினாலே எனக்குத் தலை சுற்றும், இதில் பிராக் வேறு.]

அவளுக்கு வெண்மதி என்று பெயர் வைத்தேன். அங்கே கம்ப்யூட்டர் வேலை. மாசியில் அவள் அப்பா நஞ்சப்பன் கடத்தூரில் இறந்தபோது, விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. பாடை தூக்கியதை வீடியோ காலில்தான் பார்த்தாள். சிக்னல் போய், அப்பாவின் முகம் பாதியில் உறைந்துவிட்டது. அந்த முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்க்க முடியாமல் போனதுதான் அவளை இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

3

சதுக்கத்தைக் காட்ட அம்மா கோகிலவாணிக்கு வீடியோ கால் போட்டாள்.

"பொம்மையெல்லாம் எப்ப வரும் கண்ணு?"

"இப்பதாம்மா. ஜன்னல் தொறக்கும், எலும்புக்கூடு மணி அடிக்கும். கடைசீல சேவல் கூவும், பாரு."

ஜன்னல்கள் திறந்தன. எலும்புக்கூடு கயிற்றை இழுத்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"மதிக்கண்ணு."

அப்பா ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுவார். [இங்கே குளிர்காற்று வீசியதாக எழுதினேன். மலிவாக இருந்தது, எடுத்துவிட்டேன்.]

போனில் அம்மா மகளைப் பார்க்கவில்லை. கேமரா இன்னும் மகள் பக்கம்தான் இருந்தது; அவளுடைய தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா.

"அம்மா, யாரு நிக்கறாங்க?"

"திரும்பாத சாமி. சேவல் கூவட்டும், போயிரும்."

"அப்பாவா?"

"துண்டு போட்டிருக்காரு. பாடையில நாம போத்தி அனுப்புன துண்டு."

"மதிக்கண்ணு." இந்த முறை காதோரம்.

4

முதலில் எழுதிய முடிவில் மூன்றாவது முறையும் குரல் வந்தது. திரும்பினால், மகளைத் தேடும் யாரோ ஒரு சுற்றுலாக்காரர். அப்படியானால் அம்மா பார்த்த துண்டு எப்படி வந்தது என்று கேட்பீர்கள், அந்த முடிவைக் கிழித்துப் போட்டேன். அடுத்ததில் சேவல் கூவியது, பின்னால் ஆளில்லை. வெண்மதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கே தாங்கவில்லை. மூன்றாவது முடிவில் அவள் திரும்பினாள். முகம் முழுதாகத் தெரிந்தது. போனில் அம்மாவுக்கு வெறும் கல்தரை மட்டும்

[இதற்கு மேல் கை ஓடவில்லை.]

சேவல் இன்னும் கூவவில்லை. அவள் மூன்றாவது குரலுக்காகக் காத்திருக்கிறாள். வந்தால் உயிருள்ளவர் குரல் என்று நம்பித் திரும்பிவிடுவாள். அதனால்தான் அந்தச் செல்லப்பேரை நான் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் கூப்பிடமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் கூப்பிடுங்கள், உயிரோடு இருப்பவர் குரல்தானே அவளுக்கு வேண்டும். அவள் அப்பா இன்னும் பின்னால்தான் நிற்கிறார்.